செய்யது காக்காவின் கனல் மூடி

போன மாதம் பட்டறைப் பக்கம் போயிருந்தேன். இப்போது அது என்னுடையது அல்ல. என்னிடம் வேலை பார்த்த ஜெபராஜும் மணிகண்டனும் எடுத்து நடத்துகிறார்கள். திங்கள்சந்தையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற நேரத்தில் கால் தானாக அங்கே போய்விடும். ஜெபராஜ் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். ஹூக்காவின் தலையில் கவிழ்க்கிற உலோக மூடி. காற்றில் கனல் பறக்காமல் இருக்க வைக்கிறது. அழகாகப் பெட்டியில் போட்டு ஆன்லைனில் விற்கிறார்களாம்.

“இதத்தான மாமா நீங்க அன்னைக்கு செய்யவும் பிரிக்கவுமா இருந்திய?” என்று கேட்டான்.

அதைத்தான். என் வேலையிலேயே என்னை அதிகம் சுற்ற விட்டது எது என்று அவர்கள் முன்பு ஒருமுறை கேட்டிருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏசி டக்ட் போட்டதைச் சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். அரைத் தேங்காய் அளவுள்ள இந்த மூடி என்றதும் நம்பவில்லை. எழுதி வையுங்கள், படித்துவிட்டு நம்புகிறோம் என்றான் மணிகண்டன்.

நான் தகர வேலைக்காரன். கோட்டாறு பக்கம் ஒரு பட்டறையில் தொழில் பழகினேன். பிறகு வளைகுடாவுக்குப் போய் டக்ட் மடக்கினேன். அங்கே போதும் என்று தோன்றியபோது ஊருக்கு வந்து சொந்தமாகப் பட்டறை போட்டேன். கடியப்பட்டணத்திலிருந்து பைக்கில் மீன் கொண்டுபோகிறவர்களுக்குப் பெட்டி, தோவாளைப் பூந்தோட்டக்காரர்களுக்குப் பூவாளி, கல்யாண மண்டபச் சமையல்கட்டுக்குப் புகைக்கூண்டு. இப்படிப் போனது காலம்.

கோட்டாற்றில் எனக்கு மேலே இருந்தவர் பொன்னையா அண்ணாச்சி. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ஒரு சாமான் முடிந்ததும் அவர் கையில் கொடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் விளிம்பு முழுக்கத் தடவிப் பார்ப்பார். எங்காவது பிசிறு தட்டினால் சாமானைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் டீக்கடைக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் செய்தவன் தானே பிசிறைத் தேடிக் கண்டுபிடித்து அரம் போட்டிருக்க வேண்டும். திட்டு வாங்குவதே மேல் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

வேலை தொடங்கும்போதும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். யாருக்கு எவ்வளவு அவசரம் என்றாலும் நேரே தகரத்தில் கத்திரி வைக்க விடமாட்டார். முதலில் அட்டையில் வெட்டி மடக்கிப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒரே கேள்வி: “இத யாரு தொடுவா? எந்தக் கையால தொடுவா?” பதில் சொன்னால்தான் தகரத்தை எடுத்துத் தருவார். தெரியாது என்றால், போய்க் கேட்டுவிட்டு வா என்பார். பால் தூக்குக்குக் கைப்பிடி வைக்கப் போகிற நான், அந்தத் தூக்கைச் சுமக்கப் போகிற கிழவரின் வீடு வரைக்கும் நடந்து போய் அவர் கையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

மைமூன் அக்கா என் பட்டறைக்கு வந்தது ஒரு ஆனி மாதம். குளச்சல்காரி. சந்தைக்கு வந்தவள் சாமான் பையோடு உள்ளே நுழைந்து, பையின் அடியிலிருந்து ஒரு சாரத்தை, அதுதான் ஆண்கள் உடுத்துகிற லுங்கியை, எடுத்து என் மேஜைமேல் விரித்தாள். நல்ல சாரம். அதில் பட்டாணி அளவில் அங்கங்கே கரிந்த ஓட்டைகள். கனல் பறக்காமல் மூட ஏதாவது செய்து தர முடியுமா என்று இரண்டு கிரில் பட்டறையில் கேட்டாளாம். சிரித்து அனுப்பிவிட்டார்களாம்.

அவள் சொன்னது இது. அவள் கணவர் செய்யது வளைகுடாவில் கடலோரம் ஒரு காப்பிக்கடையில் வேலை பார்த்தவர். ஷீஷாவுக்குக் கனல் போடுவதுதான் வேலை. ஹூக்காவை அங்கே ஷீஷா என்றுதான் சொல்வார்கள். கல்யாணம் ஆன காலத்திலிருந்து அங்கேயேதான் இருந்தார். விடுமுறைக்கு வருவார், போவார். கடைசியாக வந்தபோது பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கொஞ்சம் தேறி உட்காருகிறார், பிடித்துக்கொண்டால் நடக்கிறார். பேச்சு குழறுகிறது. புகைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மகள் அதற்காகச் சண்டை போட்டுவிட்டுப் போனாள். எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த மனுஷன் சாயங்காலம் ஒரே ஒரு ஷீஷாவை மட்டும் விடமாட்டேன் என்கிறார். புகையிலை இல்லாத பழப்பாகு போதும் என்று இறங்கி வந்தார். அதற்குமேல் இறங்கவில்லை.

“மாடியில இருந்துதான் வலிப்பாரு. காத்துல கனல் பறந்து மேல விழும். அந்தப் பக்கத்துக்கு உணர்ச்சியே இல்லண்ணே. சாரம் கரிஞ்சு தொடையில சுட்டாலும் அவரு அறியமாட்டேங்காரு. அன்னைக்கு குளிப்பாட்டும்போதாக்கும் நான் புண்ணயே பாத்தேன்” என்றாள்.

அறைக்குள் வைத்துப் புகைத்தால் என்ன என்று கேட்டேன். அதற்கு அவர் சம்மதிக்கமாட்டார் என்றாள். அடைத்த அறையில் கனல் வைத்தால் மூச்சு முட்டி ஆள் செத்துப்போகும் என்பது அவருக்குத் தெரியும். அது அவர் தொழில்.

வளைகுடாவில் அத்தனை காலம் இருந்தும் நான் ஷீஷாவைப் பக்கத்தில் பார்த்ததில்லை. தெருவில் போகும்போது கடைக்குள் வண்ணக் கண்ணாடிக் குடுவைகள் தெரியும், அவ்வளவுதான். தலையில் தீயை வைத்துக்கொண்டு, அடியில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு சாமான் எப்படி வேலை செய்கிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். மறுநாள் சாயங்காலமே குளச்சலுக்குப் பஸ் ஏறினேன்.

செய்யது காக்கா மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணனை அவர்கள் காக்கா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். நெடிய மனிதர். வலது கை மடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கி ஸலாம் சொன்னார். நான் தகரக்காரன் என்று அக்கா சொன்னதும் அவர் முகம் மாறியது. வாடிக்கையாளரைப் பார்க்கிற முகம் போய், கூட வேலை பார்க்கிறவனைப் பார்க்கிற முகம் வந்தது. இடது கையாலேயே எல்லாவற்றையும் செய்து காட்டினார். மண் கிண்ணத்தில் பழப்பாகு. அதன்மேல் அலுமினியத் தாளை இழுத்துக் கட்டி ஊசியால் துளை. தாளின்மேல் கனல். குழாயில் இழுத்தால் சூடு கீழே இறங்கிப் பாகு வெந்து, புகை தண்ணீருக்குள் குமிழியிட்டு வருகிறது. கனல் பாகைத் தொடவே கூடாது. சூடு மட்டும்தான் இறங்க வேண்டும். சூடு குறைந்தால் புகை இல்லை, கூடினால் கசப்பு.

கனலுக்கு அவர் வைத்திருந்தது வீட்டுத் தேங்காய்ச் சிரட்டைக் கரி. வளைகுடாவில் அச்சில் அழுத்திய கட்டி கிடைக்கும், அது பொறி கக்காது. இது சிரட்டையை எரித்துத் தண்ணீர் தெளித்து எடுத்தது. காற்று பட்டதும் படபடவென்று வெடித்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டு எகிறி அவர் தொடைமேல் விழுந்தது. பக்கத்தில் முக்காலி போட்டு ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்த அக்கா சட்டென்று துணியால் அமுக்கினாள். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியவே இல்லை. அதைப் பார்த்தபிறகு எனக்கு இந்த வேலை விளையாட்டாகத் தோன்றவில்லை.

அட்டையில் வெட்டிக் கிண்ணத்தின்மேல் வைத்து அளவு எடுத்துக்கொண்டு வந்தேன்.

முதலில் வடிவம் சரியா என்று பார்க்க ஒரு பிஸ்கட் டின்னில் செய்தேன். சூடானதும் பெயின்ட் நாறியது. காக்கா மூக்கைச் சுளித்து இடது கையால் தள்ளிவிட்டார். பற்றவைத்த ஈயமும் இளகி மூட்டு விட்டுப்போனது. மணிகண்டன் ஜிஐ தகடு போடலாம் என்றான். வேண்டாம் என்றேன். அதன்மேல் துத்தநாகப் பூச்சு இருக்கும். டக்ட் வேலையில் அதன்மேல் வெல்டிங் வைத்து வெள்ளைப் புகையைக் குடித்துவிட்டு, ராத்திரி குளிர்காய்ச்சலில் நடுங்கின ஆட்களைப் பார்த்தவன் நான். கனலுக்கு அவ்வளவு சூடு வருமோ வராதோ, ஒரு மனிதன் மூச்சில் இழுக்கிற இடத்தில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. எவர்சில்வர்தான் என்று முடிவு செய்தேன். ஈயம் கிடையாது, மடக்கு மூட்டும் ரிவெட்டும்தான்.

அடுத்தது ஓட்டை. இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ஓட்டை இல்லாமல் மூடினால் கனல் சாம்பல் பூத்து அணைந்தது. சுற்றிலும் ஓட்டை போட்டால் ஒரு பக்கம் புகுந்த காற்று மறுபக்கம் போகும்போது கனலை ஊதிவிட்டுப் போனது. கொல்லன் உலை மாதிரி ஜொலித்தது. காக்கா ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கடலைப் பார்த்துத் துப்பினார். சரி, காற்று கடலிலிருந்துதானே வருகிறது, கடல் பக்கத்தை அடைத்துவிட்டு வீட்டுப் பக்கம் மட்டும் ஓட்டை போடுவோம் என்று அப்படியே செய்தேன். மறுநாள் போனால் அதுவும் அதே கதை. கனல் இன்னும் அதிகமாக எரிந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடலைப் பார்த்து நின்றால் முகத்தில் காற்று அறைகிறது. மூடியின் அந்தப் பக்கத்தில் ஒரு ஊசி ஓட்டைகூட இல்லை. பின்னே எங்கிருந்து புகுகிறது? அக்காவிடம் ஒரு ஊதுபத்தி கேட்டேன். கொளுத்தி என் தலை உயரத்தில் பிடித்தேன். புகை வீட்டுப் பக்கம் ஓடியது. அப்படியே மெல்ல இறக்கிக்கொண்டே வந்தேன். மாடியின் கைப்பிடிச் சுவர் உயரத்துக்குக் கீழே வந்ததும் புகை ஒரு நொடி தடுமாறி நின்றது. பிறகு திரும்பிக் கடலை நோக்கி ஓடியது.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். காக்கா கையை நீட்டி ஊதுபத்தியை வாங்கினார். தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். சுவரைத் தாண்டி வருகிற காற்று இந்தப் பக்கம் குப்புற விழுந்து, உருண்டு, தரையோடு திரும்பி வருகிறது. அவர் உட்காருகிற உயரத்தில் கடல்காற்று முதுகுப் பக்கத்திலிருந்துதான் அடிக்கிறது. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினால் அதுவும் மாறியது. மூலைக்குப் போனால் சுழன்றது. வெயில் தாழ்ந்தபிறகு வேறு மாதிரி. இதற்கு எந்தப் பக்கத்தை அடைப்பது?

வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பாக இருந்தது. காலையில் குளித்துவிட்டுப் பவுடர் டின்னை எடுத்துத் தலையைத் திருகினேன். ஓட்டைகள் திறந்தன. எதிர்ப்பக்கம் திருகினேன், மூடிக்கொண்டன. பவுடர் போட மறந்து பட்டறைக்குப் போய்விட்டேன்.

அப்படித்தான் கடைசி மூடி வந்தது. உள்ளே ஒரு எவர்சில்வர் குழல், சுற்றிலும் ஓட்டைகளோடு. அதன்மேல் ஒட்டித் திரும்புகிற இன்னொரு வளையம், அதில் ஒரு பாதியில் மட்டும் ஓட்டைகள். வளையத்தைத் திருகினால் எந்தத் திசையில் வேண்டுமோ அந்தத் திசை மட்டும் திறக்கும். மேலே கவிந்த தலை, அதில் சூடு போக ஒரு துவாரம், துவாரத்துக்கு மேல் சின்னக் குடை. பொன்னையா அண்ணாச்சியின் கேள்வியைக் கேட்டுக்கொண்டேன். யார் தொடுவார்? செய்யது காக்கா. எந்தக் கையால்? இடது கையால் மட்டும். வளையத்தைத் திருக, அந்தக் கை எட்டுகிற பக்கத்தில் பனங்கட்டையில் ஒரு குமிழ் கடைந்து வைத்தேன். கீழே, கிண்ணத்துக்கு அடியில் இருக்கிற சாம்பல் தட்டோடு மாட்ட இரண்டு கொக்கி. கால் தட்டி ஷீஷாவே சாய்ந்தாலும் மூடி கழன்று கனல் கொட்டக்கூடாது. குமிழை அழுத்தித் திருப்பினால்தான் கொக்கி விடும். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைத் தடவிப் பார்த்தேன்.

குளச்சலுக்குக் கொண்டுபோனபோது நல்ல காற்று. காக்கா கனலை வைத்தார், மூடியைக் கவிழ்த்தார், குமிழைப் பிடித்தார். காதைச் சாய்த்துக் கனலின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். ஒரு இடத்தில் படபடப்பு அடங்கியது. அங்கேயே விட்டுவிட்டுக் குழாயை இழுத்தார். வெள்ளையாக, கனமாகப் புகை வந்தது. என்னைப் பார்த்து, “கொள்ளாம்” என்றார். நன்றாக இருக்கிறது என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல். குழறல் இல்லாமல் அவர் சொல்லி நான் கேட்ட முதல் வார்த்தை அது. நான் ஷீஷாவை வேண்டுமென்றே சாய்த்துக் காட்டினேன். ஒரு பொறிகூட வெளியே வரவில்லை. அக்கா ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். அடுப்பில் வேலை கிடக்கு என்று சொல்லிக் கீழே இறங்கிப் போனாள்.

வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து அக்கா மறுபடி வந்தாள். பையிலிருந்து மூடியை எடுத்து வைத்தாள். கூடவே இன்னொரு சாரம், புதிய ஓட்டைகளோடு.

“நான் கீழ போனதும் கழத்தி வச்சிருக்காரு. கேட்டா ஒண்ணும் சொல்லமாட்டேங்காரு. இதுல என்னமோ சரியில்லண்ணே” என்றாள்.

மூடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். வளையம் இறுகியிருக்கிறதா? இல்லை, பால்போல ஓடியது. குமிழ் சுடுகிறதா? பட்டறையில் கரி மூட்டி அதன்மேல் கவிழ்த்து, குமிழைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சுடவில்லை. எவர்சில்வர் வாடை ருசியைக் கெடுக்கிறதோ என்று தோன்றியது. அன்று சாயங்காலமே போய், பீடிகூடக் குடித்திராத நான் காக்காவிடம் குழாயை வாங்கி மூடி போட்டு ஒரு இழுப்பு, போடாமல் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். இருமி முடிக்கவே நேரம் ஆனது. காக்கா தோள் குலுங்கச் சிரித்தார். மூடி போட்டதுதான் நன்றாக இருந்தது. எனக்கே தெரிந்தது.

அவரிடம் கேட்டேன். சூடு கூடுதலா? தலையை ஆட்டினார், இல்லை. திருக சிரமமா? இல்லை. பின்னே என்ன? கடலைப் பார்த்தார்.

அக்கா எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு வழக்கமான முக்காலியில் உட்கார்ந்தாள். மகளைப் பற்றி, மீன் விலை பற்றி ஏதோ பேசினாள். காக்கா நிம்மதியாகப் புகைத்தார். மூடி மூடியபடியே இருந்தது. அவர் கை அதன் பக்கமே போகவில்லை. கீழே குக்கர் விசில் அடித்தது. அக்கா எழுந்து படியிறங்கினாள். அவள் தலை மறைவதற்குள் காக்காவின் இடது கை குமிழுக்குப் போனது. அழுத்தினார், திருப்பினார், மூடியைக் கழற்றிச் சுவர்மேல் வைத்தார். காற்று பட்டதும் கனல் வெடிக்கத் தொடங்கியது. ஒரு பொறி பறந்து நாற்காலிக் காலடியில் விழுந்தது. அவர் படிக்கட்டைப் பார்த்தபடி இருந்தார்.

எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. ஆனாலும் என் ஊகத்தை அவர் வாயால் கேட்க வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் குனிந்து, “எதுக்கு காக்கா கழத்துகீய?” என்று மெதுவாகக் கேட்டேன்.

நெடுநேரம் வாயைக் கூட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“மூடி இருந்தா... அவ போயிருவா.”

நான் நிமிர்ந்தேன். படியில் மைமூன் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு எனக்குத் தின்பதற்கு ஏதோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறாள். கையில் தட்டு. அவள் கேட்டுவிட்டாள் என்று அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவள் மேலே ஏறி வந்துவிட்டாள்.

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. தட்டை என்னிடம் நீட்டினாள். சுவர்மேல் இருந்த மூடியை எடுத்துக் கனலின்மேல் கவிழ்த்தாள். கொக்கி விழுகிற சத்தம் வரும்வரை அழுத்தினாள். பிறகு மறுபடி கீழே போனாள். காக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் தாங்க முடியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

திரும்பி வந்தவள் கையில் தைலக் குப்பி இருந்தது. டாக்டர் சொன்ன தைலமாம். வலது கைக்குத் தினமும் தேய்க்க வேண்டும், நேரமே கிடைப்பதில்லை என்று என்னிடம் முன்பு சொல்லியிருக்கிறாள். முக்காலியை இழுத்து அவருடைய வலது பக்கத்தில் போட்டாள். மடியில் கிடந்த அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஈரத்துணியப் பிடிச்சுக்கிட்டு இருந்தா இத எப்படித் தேய்க்கியதாம்?” என்றாள். அவரைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. கையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் தேய்த்தாள். காக்காவுக்கு அந்தக் கையில் எதுவும் தெரியாது. தொட்டாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. ஆனால் அவர் கடலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, அவள் விரல்கள் போகிற இடமெல்லாம் கண்ணால் கூடவே போய்க்கொண்டிருந்தார். குழாய் நாற்காலிக் கையில் தொங்கியது.

நான் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தேன். மூடியின் துவாரத்தில் எட்டிப் பார்த்தேன். யாரும் இழுக்காததால் கனல் முழுக்கச் சாம்பல் பூத்து அணைந்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால், ஓட்டை போதவில்லை, இன்னும் இரண்டு போட வேண்டும் என்று மூடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருப்பேன். அன்றைக்கு அவரிடம் கனல் அணைந்துவிட்டது என்றுகூடச் சொல்லவில்லை. இருவரிடமும் போயிட்டு வாறேன் என்று சொன்னேன். இரண்டு பேருக்குமே அது காதில் விழவில்லை.